கூழும் கூழுக்கு ஏதுவும்: உணவுரிமை, உணவு இறைமை என்னும் இரு சொற்கள்

புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய பாட்டிலும், மணிமேகலையிலும், ஒரே தொடர் சொல் மாறாமல் வருகின்றது. உணவு தந்தவரை உயிர் தந்தவராகப் போற்றும் தொடர் அது. தமிழ் பயில்வார் அனைவரும் அறிந்ததாகலின் அதனை ஈண்டு எடுத்தெழுத வேண்டுவதில்லை. இவ்வொருமைப்பாட்டினை முன்னையோர் பலர் சுட்டியுள்ளனர். ஆயின், அத்தொடர் இரு நூல்களிலும் இருவேறு திசைகளில் நடக்கின்றது என்பது போதிய அளவு எண்ணப்படவில்லை என நாம் கருதுகின்றோம்.

மணிமேகலையில் அது பாத்திரம் பெற்ற காதையில் நிற்கின்றது. அதன்பின் வருவன ஆதிரை இட்ட முதற் பிச்சையும், காயசண்டிகையின் யானைத்தீ நோய் தணிதலும், சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆதலும் ஆம். பசித்தவர் முன் உணவு வந்து நிற்கின்றது, பசி ஆறுகின்றது. அவ்வுணவு எந்நிலத்தில் விளைந்தது, அதனை விளைத்தவர் யாவர் என்னும் வினாக்களுக்கு அங்கு இடமில்லை. எடுக்க எடுக்கக் குறையாத கலத்திற்கு வயல் எதற்கு? புறப்பாட்டிலோ, அத்தொடரை ஒட்டியே உணவு யாது என்னும் வரையறை வந்துவிடுகின்றது. நிலமும் நீரும் கூடியதனையே உணவு எனப் புலவர் கொள்கின்றார். வானம் பார்த்த புன்செய் எத்துணை அகன்று கிடப்பினும் ஆள்வோனுக்கு உதவாது என்று எடுத்துக் காட்டுகின்றார். நிலம் தாழ்ந்த இடந்தோறும் நீர்நிலை அமைக்குமாறு வேந்தனைத் தூண்டுகின்றார். அவர் வேண்டியது சோறன்று, குளம்.

இவ்விரு திசைகளும் இன்று உலக வழக்கில் இரு சொற்களாக நிலைபெற்றுள்ளன. ஒன்று உணவுரிமை, மற்றொன்று உணவு இறைமை. பின்னதனை உணவு இறையாண்மை எனவும் எழுதுவர். சுருக்கம் நோக்கி நாம் இறைமை என்கின்றோம். இரண்டனையும் ஒருபொருட் பன்மொழி போல் வழங்குவார் உளர். அது பொருந்தாது என்பதனையும், அப்பொருந்தாமை வெறும் சொல்லாராய்ச்சியளவில் நில்லாது ஒரு வட்டாரத்தின் வயலையும் ஏரியையும் தொடுவது என்பதனையும், அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டியை நிலைக்களமாகக் கொண்டு விளக்க முயல்வாம்.

முதற்கண் உணவுரிமை. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமை அறிக்கையின் 25ஆம் உறுப்பு, நல்வாழ்விற்குப் போதிய வாழ்க்கைத் தரத்தினுள் உணவினையும் சேர்த்துக் கூறியது. 1966இல் உருவான பொருளியல், சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றிய உடன்படிக்கை, தன் 11ஆம் உறுப்பில், பசியினின்றும் விடுபடுதலை அடிப்படை உரிமை என்றே வகுத்தது. இந்தியா 1979இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. நம் அரசமைப்பின் 47ஆம் உறுப்பு, மக்களின் ஊட்டநிலையை உயர்த்துதல் அரசின் தலையாய கடமைகளுள் ஒன்று எனக் கூறும். எனினும் அது வழிகாட்டும் நெறிகளுள் வைக்கப்பட்டதாகலின், நீதிமன்றம் ஏறி வழக்கிட்டுப் பெறுதற்கு உரியதன்று.

இந்நிலையை மாற்றியது 2001ஆம் ஆண்டு வழக்கொன்று. இராசத்தானத்தில் வறட்சியால் மக்கள் பசித்திருக்க, அரசின் உணவுக் கிடங்குகளில் தானியம் நிரம்பி வழிந்தது. மக்கள் குடியுரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தை அணுகி, உயிர் வாழும் உரிமையைக் கூறும் 21ஆம் உறுப்பினுள் உணவும் அடங்கும் என வழக்கிட்டது. 2001 நவம்பர் 28ஆம் நாள் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, அதுகாறும் அரசு விரும்பினால் நடத்தும் திட்டங்களாய் இருந்தவற்றை, மக்கள் கேட்டுப் பெறத்தக்க உரிமைகளாக ஆக்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சமைத்த நண்பகல் உணவு தரல் வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் எழுந்தது. தமிழ்நாடு அதனை 2016 நவம்பர் முதல் நாள் தொட்டு நடைமுறைப்படுத்தியது.

தமிழ்நாட்டின் வரலாறு இதனினும் மூத்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் 1920இல் தொடங்கிய நண்பகலுணவும், 1956இல் காமராசர் அதனை மாநிலத்திற் பரப்பியதும், 1982இல் சத்துணவுத் திட்டமாய் அது விரிந்ததும், 2022இல் காலையுணவு சேர்ந்ததும் யாவரும் அறிந்தனவே. நியாயவிலைக் கடையும் இங்கு வறியோர் என்று பெயர் குறிக்கப்பட்டார்க்கு மட்டும் உரியதன்று. அனைவர்க்கும் பொதுவாக நிற்பது. 2011 முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. பிற மாநிலங்கள் இவரிவர் வறியர் எனப் பட்டியல் எழுதி, அப்பட்டியலில் விடுபட்டாரைப் பசியோடு விடுத்த காலத்திலும், தமிழ்நாடு பட்டியலை நம்பாது கதவைத் திறந்து வைத்தது. இதன் சிறப்பினைக் குறைத்துரைப்பார் பசியை அறியாதார் ஆவர்.

ஈண்டு ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். அலுவலக ஏடுகளில், அரிசி பெறுவாரைப் ‘பயனாளி’ என எழுதுகின்றனர். உரிமை என்னும் சொல்லுக்கு அடி ‘உரி’. ஒருவர்க்கு உரியதனை அவர் பெறுங்கால் அவரை உரியவர் என்றல் வேண்டுமேயன்றிப் பயனாளி என்றல் யாங்ஙனம் பொருந்தும்? தம் ஊதியத்தை வாங்கும் அலுவலரை எவரும் ஊதியப் பயனாளி என்பதில்லை. சட்டம் மாறிப் பல்லாண்டு கழிந்தும் சொல் இன்னும் அமுதசுரபியின் நிழலிலேயே நிற்கின்றது.

இனி, உணவு இறைமை. 1996இல், உலக உழவர் இயக்கமாகிய ‘வியா கம்பெசினா’ இச்சொல்லை உலக அரங்கில் முன்வைத்தது. அவ்வாண்டு உரோமாபுரியில் உலக உணவு மாநாடு கூடி உணவுப் பாதுகாப்பினைப் பற்றிப் பேசிற்று. உணவு எங்கிருந்து வரினும் போதும் என்னும் கருத்திற்கு அச்சொல் இடந்தந்தமையின், உழவர்கள் வேறொரு சொல்லை நாடினர் என்க. 2007இல் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் நியேலெனி என்னுமிடத்துக் கூடிய மாநாடு இதன் இலக்கணத்தை விரித்துரைத்தது. தம் உணவையும் உழவு முறையையும் தாமே வரையறுத்துக்கொள்ளும் உரிமை மக்களுக்கு உண்டு என்பதே அதன் சாரம். 2018இல் ஐக்கிய நாடுகள் பேரவை ஏற்ற உழவர் உரிமை அறிக்கையிலும் இக்கருத்து இடம்பெற்றது. அஃது அறிக்கையேயன்றி நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அன்று என்பதும் மறத்தற்குரியதன்று.

இவ்வேறுபாட்டினைத் தமிழுரையாசிரியர் ஒருவர் மிகச் சுருங்கிய அளவில் கண்டிருக்கின்றார் என்பது நம் கருத்து. வள்ளுவர் இறைமாட்சியின் தொடக்கத்தில் அரசுக்குரிய உறுப்புகள் ஆறனுள் கூழினையும் ஒன்றாக எண்ணினார். அதற்கு உரைகண்ட பரிமேலழகர், கூழ் என்பதற்கு நேரே உணவு எனப் பொருள் கூறாது, கூழுக்கு ஏதுவாகிய பொருள் என ஆகுபெயராகக் கொண்டார். இவ்வுரை வலிந்து கொண்டது எனச் சிலர் கருதலாம். நாமும் முன்னர் அங்ஙனமே கருதியிருந்தோம். ஆயின், அரசின் உறுப்பு என்னும் இடத்தில் வைத்து நோக்குங்கால் அதன் திட்பம் புலனாகின்றது. களஞ்சியத்திற் கிடக்கும் கூழ் உண்ணத் தீர்வது. கூழுக்கு ஏதுவாவது ஆண்டுதோறும் மீளத் தருவது. பரிமேலழகர் ‘பொருள்’ என்றது செல்வத்தையே. அதனை நிலம், நீர், விதை என விரித்துக் கொள்ளுதல் நம் துணிபு. அவ்வாறு கொள்ளின், உணவுரிமை கூழினைப் பற்றியது எனவும், உணவு இறைமை கூழுக்கு ஏதுவினைப் பற்றியது எனவும் வரையறுக்கலாம்.

தொல்காப்பியர் கருப்பொருள்களுள் ‘உணா’வையும் வைத்தமையும் இதனோடு ஒப்பநோக்கத் தக்கது. உணவு அவர்க்கு நிலத்தின் இயல்பு. உரையாசிரியர்கள் முல்லைக்கு வரகு முதலியவற்றையும், குறிஞ்சிக்குத் தினை முதலியவற்றையும், மருதத்திற்கு நெல்லையும் காட்டினர். நெய்தலுக்கு மட்டும் மீனும் உப்பும் விற்றுப் பெற்ற பொருளைக் கூறினர். ஆதலின், நிலத்திற்குரிய உணவு என்றவுடன் வாணிகத்தை விலக்குவதாகப் பொருள்கோடல் தவறு. பாலைக்கோ அவர்கள் காட்டியது, வழிப்போவாரை அலைத்துக் கொண்ட பொருள். நிலம் தன் இயல்பு திரிந்தவிடத்து உணவும் பறித்துக்கொள்ளும் பொருளாகிவிடும் என்பது இதனாற் பெறப்படும்.

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாக வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், கங்கைகொண்ட சோழபுரத்திற்கு அணித்தாக மீன்சுருட்டி அமைந்துள்ளது. பேருந்தில் இவ்வழிச் செல்வார், கொள்ளிடத்தைக் கடந்த சிறுபொழுதில் நிலம் மாறுதலைக் காண்பர். தெற்கே ஆற்றுப்பாசன வயல். வடக்கும் மேற்கும் செம்மண் மேடு, முந்திரித் தோப்பு, இடையிடையே ஏரியை நம்பிய நெல். மருதமும் முல்லையும் கைகோத்து நிற்கும் எல்லை இது.

இவ்வெல்லையின் நீர்வரலாறு இராசேந்திர சோழனிடம் தொடங்குகின்றது. 1014 முதல் 1044 வரை ஆண்ட அவன், கங்கை வரை சென்ற படையெடுப்பின் நினைவாகச் சோழகங்கம் என்னும் பேரேரியை எடுத்தான். வெற்றித்தூணைக் கல்லால் நாட்டுதல் வேந்தர் வழக்கு. அவன் அதனை நீரால் நாட்டினான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி புகழ்கின்றது. குடபுலவியனார் வேண்டிய குளத்தை ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு வேந்தன் வெட்டினான் என மகிழலாம். வெற்றிச் செருக்கிற்காயினும் வெட்டினானே என்று அமைதி கொள்ளலுமாம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த ஆங்கிலக் குறிப்பொன்று, இவ்வேரிக் கரையின் நீளம் 16 மைல் என்றும், கொள்ளிடத்தினின்றும் நெடுங்கால்வாய் வழி இதற்கு நீர் வந்தது என்றும், தான் எழுதும் காலத்தில் ஏரியின் உட்புறம் காடு மண்டிக் கிடந்தது என்றும் கூறுகின்றது. இன்று பொன்னேரி என வழங்குவது அப்பேரேரியின் எஞ்சிய பகுதியேயாம்.

அதே நூற்றாண்டில் வேறொன்றும் நிகழ்ந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினார். அணைக்கரை எனப்படுவது அதுவே. அவ்வணைக்குக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. கீழணையின் நீர் வடவாற்றின் வழி வீராணத்தை அடைந்து, காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தை விளைவிக்கின்றது. 2004 முதல் அவ்வேரியின் நீர் சென்னைக்கும் குடிநீராய்ச் செல்கின்றது. கோயிலின் கல் அணையாயிற்று. கோயிலை எழுப்பிய வேந்தனின் ஏரியோ தூர்ந்து சுருங்கிற்று. அணையாற் பல்லாயிரவர் உண்டனர் என்பதனை நாம் மறுக்கவில்லை. எந்நீர் எவ்வூர்க்கு என்பதனை வகுத்தவர் அவ்வூரினர் அல்லர் என்பதே ஈண்டுக் குறிக்கத்தக்கது. இறைமை என்னும் சொல்லின் பொருள் இவ்விடத்திலேதான் தொடங்குகின்றது.

பழங்காலத்தில் ஊரவர்க்கு அவ்வதிகாரம் இருந்ததோ எனின், ஓரளவு இருந்தது. காஞ்சிக்கு அண்மையதாகிய உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தவாகிய 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலையால் தெரிவு செய்யப்பெறும் ஏரி வாரியத்தைக் கூறும். ஏரியின் பேணுகைக்கென்றே ஏரிப்பட்டி என நிலம் ஒதுக்கும் வழக்கமும் கல்வெட்டுகளிற் காணப்படும். இவற்றைக் கண்டு பொற்காலம் எனப் பாராட்டுவார் பலர். நாம் அத்துணை விரைய விரும்பவில்லை. வாரியத்திற்கு நிற்பார்க்கு இறை செலுத்தும் சொந்த நிலமும், சொந்த மனையும், வேதக் கல்வியும் வேண்டும் என அக்கல்வெட்டே விதிக்கின்றது. ஏரியின் மண்ணைச் சுமந்தவர்க்கும் வயலில் நாற்று நட்டவர்க்கும் குடத்துள் ஓலையில்லை. உணவு இறைமை ஊரினது என்று கூறியமையின் வினா முடிந்துவிடாது. ஊருள் எவரது என்பதும் கேட்கப்படுதல் வேண்டும். நிலமில்லாக் கூலியாளர்க்கு இன்றுங்கூட முதல் அரண் நியாயவிலைக் கடையே. இறைமையை உயர்த்துவார் உரிமையைத் தாழ்த்துதல் கூடாமைக்கு இதனினும் வலிய காரணம் வேண்டா.

அண்மைக் காலத்திற்கு வருவாம். இவ்வட்டாரத்தின் அடியில் பழுப்பு நிலக்கரி உளது. செயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்திற்கெனத் தொண்ணூறுகளிற் பல ஊர்களின் நிலம் எடுக்கப்பட்டது. சுரங்கம் எழவில்லை, இழப்பீடு போதாது என்னும் வழக்குகளே எழுந்தன. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு நிலம் இரண்டுங்கெட்ட நிலையிற் கிடந்தபின், அரசு திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை உரியவர்க்கே திருப்பித்தர முடிவு செய்தது. இக்காலமெல்லாம் நிலம் இழந்தார் வீட்டில் அடுப்பெரியாமல் இருந்ததில்லை. கடையரிசி வந்துகொண்டே இருந்தது. கூழ் இருந்தது, கூழுக்கு ஏது கையில் இல்லை. உணவுரிமையை மட்டும் அளவுகோலாகக் கொள்வார்க்கு இவ்விழப்பு கணக்கில் வாராது.

2020இல் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றியது. எண்ணெய், இயற்கை எரிவாயு முதலியவற்றைத் தேடித் துளையிடுதலும், உருக்காலை முதலிய சில தொழில்களைப் புதிதாகத் தொடங்குதலும் அம்மண்டலத்தில் தடுக்கப்பட்டன. அவ்வாண்டு பிப்ரவரியில் வெளியான முதல் அறிவிப்பில் அரியலூரின் பகுதிகளும் அடங்கும் எனக் கூறப்பட்டது. சட்டமாய் வந்தபோதோ தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் இடம்பெற்றன. அரியலூர், கரூர், திருச்சிராப்பள்ளி ஆகியன விடுபட்டன. காட்டுமன்னார்கோயில் ஒன்றியம் கோட்டிற்கு உள்ளே. அதற்கு மேற்கே அடுத்துக் கிடக்கும் மீன்சுருட்டி கோட்டிற்கு வெளியே. ஒரே வானம், ஒரே சம்பாப் பட்டம், அண்டை அயலார் வயல்; மாவட்ட எல்லையே வேறுபாடு. நிலத்தை நிலத்தின் இயல்பு நோக்கி வகுத்த தொல்காப்பியர் மரபினராகிய நாம் இங்ஙனம் வகுத்தலை எவ்விலக்கணத்தால் விளக்குவது?

இஃது ஏட்டளவில் நிற்கும் ஐயம் அன்று. 2023 மார்ச்சு இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் சுரங்க ஏலத்திற்கென அறிவித்தவற்றுள், தஞ்சாவூர் மாவட்டத்து வடசேரி, கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பின் கிழக்குப் பகுதி, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகளும் இருந்தன. உழவரும் சட்டமன்றக் கட்சிகளும் ஒருங்கே எதிர்த்தனர்; முதலமைச்சர் தலைமையமைச்சர்க்கு மடல் எழுதினார். ஏப்ரல் 8ஆம் நாள் அம்மூன்று பகுதிகளும் ஏலத்தினின்றும் நீக்கப்படும் என ஒன்றிய அமைச்சர் அறிவித்தார். நன்று. ஆயினும் மைக்கேல்பட்டி தப்பியது அறிவிப்பினாலேயன்றி 2020ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அன்று. அரியலூர் அச்சட்டத்தினுள் இல்லையன்றோ! ஓர் அறிவிப்பால் வந்தது மற்றோர் அறிவிப்பாற் போதல் கூடும். முன்னர்க் கூறிய 2001ஆம் ஆண்டு ஆணைக்கு முன் சத்துணவும் அரிசியும் இருந்த நிலையில்தான், இன்று இவ்வட்டாரத்து நிலம் இருக்கின்றது. அளிப்பாரின் அருள் இருக்கும்வரை அதுவும் இருக்கும்.

நிலம், நீர் என்னும் இரண்டோடு விதையினையும் சேர்த்தல் வேண்டும். இந்தியப் பயிர்வகைப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் 2001இல் வந்தது. அதன் 39ஆம் பிரிவு, தன் விளைச்சலின் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவர்க்குள்ள உரிமையைக் காக்கின்றது. பாதுகாக்கப்பட்ட வகையின் விதையை வணிக முத்திரையோடு விற்றல் மட்டும் கூடாது. உலக நாடுகள் பலவற்றின் சட்டங்களோடு ஒப்பிடின் இது விரிந்த உரிமையேயாம். ஆயின், விதையே மறைந்தபின் அதனைச் சேமிக்கும் உரிமையால் என்ன பயன்? 2018இல் மறைந்த நெல் செயராமன் மரபு நெல்வகைகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைத் தேடித் திரட்டி, விதைத் திருவிழாக்களின் வழி உழவரிடையே பரப்பினார். அப்பணி நடந்தது திருத்துறைப்பூண்டி வட்டாரத்து நெல்வயல்களில். மீன்சுருட்டியின் மேட்டுநிலத்திற்குரிய வரகிற்கு அத்தகையார் ஒருவர் வாய்த்தாரல்லர். 2013ஆம் ஆண்டுச் சட்டம் சிறுதானியத்தையும் கடைவழி வழங்க இடந்தந்தது. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் கேழ்வரகு வழங்கத் தொடங்கினர். வரகு அப்பட்டியலில் இல்லை. முல்லைக்குரிய உணாவாக உரையாசிரியர் காட்டிய தானியம், முல்லை நிலத்துக் கடையிலேயே கிடைப்பதில்லை என்பது வியப்பன்றோ! மக்கள் நெல்லரிசியையே விரும்புகின்றனர், வரகு குத்திப் புடைத்தல் பெண்டிர்க்குப் பெருந்துன்பம் எனக் கூறுவாரும் உளர். அக்கூற்றில் உண்மையுண்டு. விருப்பத்தால் விட்டதையும், வழியின்மையால் விட்டதையும் பிரித்தறிய, ஊருள் சென்று கேட்டலன்றி வேறு நெறியில்லை.

அங்ஙனம் கேட்கும் பணியுள் ஒரு கூறு தமிழ்த்துறையினர்க்கே உரியது. மடை, மதகு, கலிங்கு போன்ற ஏரிச் சொற்கள் பொன்னேரிப் பாசன ஊர்களில் இன்று யாங்ஙனம் வழங்குகின்றன, வரகின் வகைப்பெயர்கள் எத்தனை எஞ்சியுள்ளன, முறைவைத்து நீர் பாய்ச்சுதற்கு அவ்வூரார் கூறும் சொல் யாது என்பனவற்றைத் தொகுத்து, கல்வெட்டுச் சொற்களோடு ஒப்பிடுதல் முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் முடிக்கத்தக்க ஆய்வாகும். இச்சொற்களை முறையாக அறிந்தவர்கள் பெரும்பாலும் முதியோரே. சம்பா நடவு நடக்கும் ஐப்பசித் திங்களில் அவர்கள் வயலோரத்திலேயே இருப்பர். தொடங்குதற்கு அதுவே தக்க காலம்.